அம்மா கேட்கிற வீடு எது?

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். எனக்கு 53 வயது. தாம்பரத்தில் ஒரு ஃபிளாட்டில், மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். அம்மாவுக்கு 78. கல்லிடைக்குறிச்சியில் பிறந்து, 19 வயதில் கல்யாணமாகி மதுரைக்கு வந்தவர். அப்பா இறந்த பிறகும் மதுரை வீட்டில் தனியாகச் சமாளித்துக்கொண்டுதான் இருந்தார். மூன்று வருஷத்துக்கு முன் அந்த வீட்டை விற்றுவிட்டு அம்மாவை என்னோடு அழைத்து வந்தேன். அடுத்த வருஷமே அல்சைமர் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது தினமும் சாயங்காலம் ஐந்தரை மணி ஆனால் போதும், ஒரு கட்டைப்பையில் இரண்டு சேலையை எடுத்து வைத்துக்கொண்டு வாசற்கதவருகே நின்றுவிடுகிறார். 'நேரமாயிட்டு, வீட்டுக்குப் போவணும். பட்டாசல்ல விளக்கு பொருத்தல. ஆச்சி ஏசுவா' என்கிறார். வீட்டை விற்றாகிவிட்டது, இனி இதுதான் நம் வீடு என்று எத்தனை முறை சொன்னாலும் அழுகைதான். போன பொங்கலுக்கு மதுரைக்கே அழைத்துப் போய் அந்த வீட்டு வாசலில் நிறுத்தினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'இது யார் வீடு? வா, வீட்டுக்குப் போவோம்' என்றார். நான் பிறந்த வீடு டாக்டர் அது. என்னால் தாங்க முடியவில்லை. வீட்டை விற்றதால்தான் அம்மாவுக்கு இப்படி ஆயிற்று என்று தங்கை பேசுவதையே நிறுத்திவிட்டாள். வேலையை விட்டுவிட்டு மதுரையில் அதே தெருவில் வாடகைக்கு வீடு பிடித்து அம்மாவோடு போய்விடலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையிலேயே நான் நின்றுவிட்டேன். பட்டாசல். மதுரை வீட்டில் யாராவது அந்த வார்த்தையைச் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? ஹால் என்றோ கூடம் என்றோதான் சொல்லியிருப்பீர்கள். என் அப்பாவுக்குத் தென்காசிப் பக்கம். திண்ணை ஏறி உள்ளே போனால் தார்சா, அதைத் தாண்டினால் பட்டாசல், அதற்குப் பின்னால் அடுப்படி, பாத்திரம் விளக்க அங்கணம், மேலே தட்டட்டி. திருநெல்வேலிச் சீமையில் வீடு என்றால் இப்படித்தான் சொல்வார்கள். 'பொருத்தணும்', 'ஏசுவா', 'நேரமாயிட்டு' எல்லாம் அந்த மண்ணின் பேச்சு.

அம்மா கேட்கிற வீடு நீங்கள் விற்ற வீடு அல்ல. அவர் கேட்பது கல்லிடைக்குறிச்சி வீட்டை. பட்டாசலில் விளக்கு வைக்காவிட்டால் ஏசுகிற ஆச்சி, அம்மாவின் ஆச்சி, அதாவது பாட்டி. கதவருகே பையோடு நிற்பவருக்கு அந்த நேரத்தில் வயது 78 இல்லை, எட்டோ ஒன்பதோ.

மதுரை வாசலில் நடந்ததை இதை மனதில் வைத்துக்கொண்டு திரும்ப நினைத்துப் பாருங்கள். ஒரு சின்னப் பெண்ணை முன்பின் தெரியாத ஊருக்குக் கூட்டிப்போய், தெரியாத ஒரு வீட்டின் முன்னால் நிறுத்தி, 'இதுதான் உன் வீடு' என்றால் அவள் என்ன சொல்வாள்? அதைத்தான் அம்மா சொன்னார். உங்களையோ, நீங்கள் பிறந்த வீட்டையோ அவர் உதறிவிட்டதாக நினைக்காதீர்கள். மதுரைக்குக் குடிபோகும் யோசனையையும் விட்டுவிடுங்கள். அங்கே போனாலும் ஐந்தரை மணிக்கு அதே பையோடு அதே மாதிரிதான் நிற்பார். உங்களுக்கு வேலையும் போயிருக்கும்.

56 வருஷம் வாழ்ந்த வீடு மறந்துபோய், 19 வருஷம் இருந்த வீடு எப்படி நிற்கிறது என்று கேட்பீர்கள். தியோதூல் ரிபோ என்ற பிரெஞ்சு உளவியலாளர் 1881-லேயே இதைக் கவனித்து எழுதினார். நினைவு கரையும்போது கடைசியில் வந்தது முதலில் போகிறது, முதலில் வந்தது கடைசிவரை நிற்கிறது என்றார். பரணில் பாத்திரம் அடுக்குவது போலத்தான். இறக்கும்போது கடைசியாக வைத்ததுதான் முதலில் கைக்கு வரும். ஆனால் மூளையில் இது எப்போதும் ஒரே சீராக நடப்பதில்லை. ஏதோ ஒரு காலையில் அம்மா மதுரை வீட்டுக் குழாயடியைப் பற்றித் தெளிவாகப் பேசலாம், அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். வந்தால் பேசவிடுங்கள். மறுநாள் அதே ஞாபகம் வரவில்லை என்று சோர்ந்துபோகாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் எங்கே இருக்கிறோம் என்று குறித்துவைக்கவே மூளையில் தனி செல்கள் உண்டு. ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் அவை இருப்பதை ஜான் ஓ'கீஃப் 1971-ல் லண்டனில் எலிகளை வைத்துக் காட்டினார். அதை ஒட்டிய என்டோரைனல் பகுதியில் தூரத்தையும் திசையையும் கட்டம்போட்டு அளக்கும் செல்களை நார்வேயில் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் 2005-ல் கண்டுபிடித்தார்கள். 2014-ல் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அல்சைமர் பெரும்பாலும் முதலில் அரிப்பது இந்த வட்டாரத்தைத்தான். அதனால் புது வீட்டின் படத்தை அம்மாவின் மூளையால் வரைந்துகொள்ள முடியவில்லை. மூன்று வருஷமாகியும் தாம்பரம் ஃபிளாட் அவருக்கு இன்றைக்குத்தான் வந்திறங்கிய இடம். இரவில் பாத்ரூம் தெரியாமல் தடுமாறுகிறார் என்றால் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். பாத்ரூம் கதவைத் திறந்தே வையுங்கள், உள்ளே ராத்திரி விளக்கு எரியட்டும், கட்டிலையும் நாற்காலியையும் இடம் மாற்றாதீர்கள்.

தங்கையிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அல்சைமரின் மாற்றங்கள் மூளையில் தொடங்கி, மறதி வெளியே தெரிய 15, 20 வருஷம்கூட ஆகும். வீட்டை விற்ற நாளில் நோய் ஏற்கெனவே உள்ளே இருந்தது. ஆனால் தங்கை சொல்வதில் ஒரு துளி உண்மையும் உண்டு, அதை நீங்கள் மறுக்க வேண்டாம். பழகிய வீடு ஒரு ஊன்றுகோல். எந்த டப்பாவில் சீரகம், எந்தப் படி உயரம் என்று யோசிக்காமலேயே கையும் காலும் போய்விடும். அந்த வீடு அம்மாவின் மறதியை மறைத்துக்கொண்டிருந்தது. இடம் மாறியதும் வெளியே வந்துவிட்டது, தடுமாற்றமும் கொஞ்சம் கூடியது. நோயைக் கொண்டுவந்தது வீடு மாற்றம் அல்ல. அதே சமயம், மறதி கூடிக்கொண்டே போகிற ஒருவரை மதுரையில் கேஸ் அடுப்போடு தனியாக விட்டிருக்கவும் முடியாது.

இனி அந்த ஐந்தரை மணிக்கு வருவோம்.

பொழுது சாயும் நேரத்தில் தவிப்பு கூடுவது இந்த நோயில் சாதாரணம். பகல் முழுக்க ஓடிய களைப்பு, மங்குகிற வெளிச்சம், சுவரில் நீளும் நிழல் எல்லாம் சேர்ந்து குழப்பும். ஐந்து மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். இருட்டியதும் ஜன்னல் கண்ணாடியில் தன் உருவத்தையே பார்த்து யாரோ நிற்கிறார்கள் என்று பயப்படுவார்கள், திரையை இழுத்து மூடுங்கள். மதியத் தூக்கம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மூன்று மணிக்குப் பிறகு காபியும் வேண்டாம்.

ஆனால் உங்கள் அம்மாவுக்கு ஐந்தரை மணி என்பதில் இன்னொரு காரணமும் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாபநாசத்தில் நீர்மின் நிலையம் 1944-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆனாலும் சுற்றுவட்டார வீடுகளுக்கெல்லாம் கரண்ட் வரப் பல வருஷம் பிடித்தது. அம்மாவின் சின்ன வயதில் பல வீடுகளில் அரிக்கேன் விளக்குதான். அதன் சிம்னியில் படிந்த கரியைத் தினமும் துடைத்தாக வேண்டும். பெரியவர்கள் கை உள்ளே போகாது. அதனால் வீட்டில் யார் சின்னப்பிள்ளையோ, அந்தப் பிள்ளையின் வேலை அது.

என்னிடம் வந்த ஒரு ஆச்சிக்கும் அம்பாசமுத்திரம் பக்கம்தான். அவரும் சாயங்காலம் ஆனால் போதும், 'விளக்கு, விளக்கு' என்று அரற்றுவார். அவர் மகள் எங்கோ தேடி ஒரு பழைய அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்தார். என் அறையிலேயே அதை ஆச்சி மடியில் வைத்தோம். எதுவும் சொல்லவில்லை. ஆச்சி கம்பியை மேலே தூக்கி, சிம்னியைச் சாய்த்துக் கழற்றினார். உள்ளே வாயை வைத்து 'ஹா' என்று ஊதினார். சேலை முந்தானையைத் துருத்தி உள்ளே விட்டு இரண்டு சுற்று சுற்றினார். அப்புறம் எங்கள் பக்கம் கையை நீட்டி, 'துன்னூறு' என்றார். மகளுக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. கரி போக, துணியில் கொஞ்சம் திருநீறு தொட்டுத் துடைப்பார்கள், கண்ணாடி பளிச்சென்று வரும். என் கைப்பையில் கோயில் பொட்டலம் ஒன்று இருந்தது. வாங்கித் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மகளின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. அந்த விளக்கில் ஒரு பொட்டு கரிகூட மிச்சம் இல்லை.

பெயரும் தேதியும் நிற்கிற இடம் மூளையில் வேறு, கை பழகிய வேலை நிற்கிற இடம் வேறு. கைப்பழக்கம் நோய்க்கு அத்தனை சீக்கிரம் இடம் கொடுப்பதில்லை. அதனால் அம்மாவிடம் வேலையைக் கொடுங்கள். ஐந்தே கால் மணிக்கு, அவர் கதவருகே போவதற்கு முன்னாலேயே, 'அம்மா, விளக்கு பொருத்தணும்லா, வாங்க' என்று கூப்பிடுங்கள். அரிக்கேன் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் குத்துவிளக்கு. துடைக்கட்டும், திரி போடட்டும், எண்ணெய் விடட்டும். தீக்குச்சியை மட்டும் நீங்கள் கிழியுங்கள். பக்கத்திலேயே இருங்கள், முந்தானை எரியும் விளக்கின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே இடம், ஒரே நேரம்.

அப்படியும் சில நாள் கிளம்பிவிடுவார். மறிக்காதீர்கள். 'சரிம்மா, வாங்க' என்று லிஃப்டில் இறங்கி, காம்பவுண்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, திரும்பக் கதவைத் திறக்கும்போது 'வந்தாச்சும்மா' என்று சொல்லுங்கள். பல நாள் அது போதுமானதாக இருக்கும். பையின் உள்ளே உங்கள் ஃபோன் நம்பரை ஒரு துணியில் எழுதித் தைத்துவிடுங்கள். யாரும் பார்க்காத நேரத்தில் ஒருநாள் இறங்கிப் போய்விட்டால் அதுதான் காப்பாற்றும்.

வீட்டை விற்றாகிவிட்டது என்று இனி ஒருமுறைகூடச் சொல்லாதீர்கள். இதை நான் என் வீட்டில்தான் கற்றுக்கொண்டேன். அப்பா கடைசிக் காலத்தில் என்னோடு இருந்தார். ஒருநாள் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர், 'அம்மை சாப்பிட்டாளா?' என்று கேட்டார். ஆச்சி இறந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. உண்மையைச் சொல்வதுதானே மரியாதை என்று நினைத்து, 'ஆச்சி போய் முப்பது வருஷமாச்சுப்பா' என்றேன். தட்டில் வைத்த கை அப்படியே நின்றது. 'எனக்கு ஏன் யாரும் சொல்லல?' என்று கேட்டார். அப்போதுதான் தாயை இழந்த பிள்ளையாக ராத்திரி முழுக்க அழுதார். காலையில் எல்லாம் மறந்துபோய், சாப்பிட உட்கார்ந்ததும் மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். 'சாப்டாச்சுப்பா, நீங்க சாப்பிடுங்க' என்று சொல்ல அன்றைக்குத்தான் எனக்கு வாய் வந்தது. பதினோரு வருஷம் மருத்துவம் பார்த்த பிறகு.

பொய் சொல்லச் சொல்கிறேனா என்று உங்களுக்கு உறுத்தலாம். 'நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்' என்கிற பொய் எனக்கும் பிடிக்காது, அது நாளைய சண்டைக்கு விதை. போகலாம், போக முடியாது என்று எதுவும் சொல்லாமல் வீட்டைப் பற்றிக் கேளுங்கள். 'ஞாபகம் இருக்கா?' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அது பரீட்சை. 'வாசல்ல ஏறினா முதல்ல என்னம்மா வரும்?' என்று கேளுங்கள். திண்ணை என்பார். 'அப்புறம்?' தார்சா. 'எந்தக் கைப்பக்கம் கதவு?' இப்படியே நடந்து உள்ளே போங்கள். ஒரு பெரிய நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல வரையுங்கள். உரல் எங்கே கிடந்தது, கிணறு யாருக்குப் பொது, ஆச்சி எங்கே படுப்பாள், மழை பெய்தால் எந்த மூலை ஒழுகும், வாய்க்காலுக்கு எந்த வழியாகப் போவார்கள். நேற்று கிணறு கிழக்கே என்று சொல்லி இன்றைக்கு மேற்கே என்றால் திருத்தாதீர்கள், இன்னொரு பக்கத்தில் இன்னொரு படம் போடுங்கள். நினைவை எடுக்கிறபோதெல்லாம் மூளை அதைப் புதிதாகக் கட்டுகிறது, நமக்கும் அப்படித்தான். முதியவர்கள் பழையதையே பேசுவதை வீண் என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963-ல், அது முதுமையில் இயல்பாக நடக்கிற, வேண்டிய ஒரு வேலை என்று எழுதினார். அதை ஒட்டி வளர்ந்த நினைவுகூரல் சிகிச்சையை டிமென்ஷியா (அல்சைமர் போன்ற மறதி நோய்கள்) உள்ளவர்களுக்கு இன்றைக்கு உலகம் முழுக்கச் செய்கிறோம். நோயை அது குணப்படுத்தாது. அந்த மாலையைக் குணப்படுத்தும்.

கேட்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். எல்லோருக்கும் பிறந்த வீடு இனிப்பாக இருக்காது. ஏதாவது ஒரு அறையின் பெயர் வரும்போது முகம் மாறினாலோ, கை சேலை நுனியை முறுக்கத் தொடங்கினாலோ, அந்தக் கதவைத் திறக்க வேண்டாம். வாய்க்காலுக்கோ தட்டட்டிக்கோ பேச்சை மாற்றிவிடுங்கள்.

அம்மாவைக் கல்லிடைக்குறிச்சிக்கு அழைத்துப் போகலாமா என்று உங்களுக்கு இப்போது தோன்றியிருக்கும். வேண்டாம். ராத்திரி ரயில், தெரியாத படுக்கை, போய்ப் பார்த்தால் வீடு இருந்த இடத்தில் வேறு ஏதாவது நிற்கலாம். நீங்கள் போய் வாருங்கள். தாம்பரத்திலேயே நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, திருநெல்வேலியில் இறங்கி, செங்கோட்டை பாசஞ்சரைப் பிடித்தால் கல்லிடையிலேயே இறங்கலாம். தெருவையும் படித்துறையையும் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடுவதையும் ஃபோனில் எடுத்து வாருங்கள், தண்ணீர்ச் சத்தத்தோடு. அந்த ஊர் அப்பளமும் ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாசனை மூளைக்குப் போகிற வழி மிகக் குறுகியது, மற்றப் புலன்கள் போல் சுற்றிப் போகாமல் உணர்ச்சிகளின் இடத்துக்கு நேரே போய்விடும். அப்பளம் பொரிகிற வாசனைக்கு அம்மா என்ன பேசுகிறார் என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்தத் தவிப்பு இரண்டு மூன்று நாளில் திடீரென்று பலமடங்கு கூடினால், அல்லது பகலெல்லாம் மயங்கியும் ராத்திரி கத்தியும் இருந்தால், வீட்டு ஏக்கம் என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, சொல்லத் தெரியாத வலி, ஏதாவது ஒன்றாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்கிற சளி, அலர்ஜி மாத்திரைகளில் சில, இந்த நோயாளிகளுக்குக் குழப்பத்தை அதிகமாக்கும். தூக்க மாத்திரையும் அப்படியே. என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று மொத்தமாக எடுத்துப் போய்க் காட்டுங்கள். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்பது 2023-ல் வெளிவந்த கணக்கு. உங்கள் குடியிருப்பிலேயே இன்னொரு வீட்டில் இதே ஐந்தரை மணி நடந்துகொண்டிருக்கலாம். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு டிமென்ஷியாவுக்கென்று தனிச் சேவை நடத்துகிறது. முதியோருக்கான அரசு உதவி எண் 14567. தனியாகவே சுமக்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள். 'நான் பிறந்த வீடு டாக்டர் அது' என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருஷமாக அம்மாவின் வீட்டைத் தேடுவதாக நினைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்காகத்தான் நீங்கள் அழுதுகொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதற்கு நேரமே கொடுக்காமல் பத்திரப்பதிவு, லாரி, ஆஸ்பத்திரி என்று ஓடிவிட்டீர்கள். பொங்கலுக்குப் போனபோது வாசலைப் பார்த்து, 'இவ்வளவு சின்னதாகவா இருந்தது' என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். அந்த வீட்டை நீங்கள் மனதில் வாங்கியது மூன்றடி உயரத்திலிருந்து. அந்த அளவில் அது இப்போது உங்களிடமும் உங்கள் தங்கையிடமும் மட்டும்தான் இருக்கிறது.

நோட்டில் அம்மாவின் வீட்டுக்குப் பின்னால் பத்துப் பக்கம் விட்டு வையுங்கள். பேசாமல் இருக்கிற தங்கைக்கு இன்றைக்கே ஃபோன் செய்யுங்கள். எடுத்ததும் விற்ற கதையை ஆரம்பிக்காதீர்கள். மதுரை வீட்டில் ஊஞ்சல் எந்தத் தூணுக்குப் பக்கம் இருந்தது, கிணற்றடிக்குப் போக எத்தனை படி என்று மட்டும் கேளுங்கள்.